நகலெடுத்து ஓட்டிப் பார்த்தது

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் கூப்பிட வேண்டிய எண். எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்தக் கட்டடத்தில் வருடக்கணக்காக ஏறி இறங்கியவன் நான். ஒரு நாளும் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை. லிஃப்ட் ஓடும்போது எவனுக்கு அது தோன்றும்? அவருக்குத் தோன்றியது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், என் பக்கத்தில் நின்றுகொண்டே கூப்பிட்டார். ஆனேக்கல்லில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஒருவர் எடுத்தார். இவர் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, செக்யூரிட்டியிடம் போய் உண்மையான எண்ணை வாங்கி, அதையும் கூப்பிட்டு, லிஃப்ட்காரர்தான் பேசுகிறார் என்று தெரிந்துகொண்ட பிறகு காகிதத்தில் பேனாவால் திருத்தினார்.

“சுவத்துல ஒட்டிட்டா ஆச்சா சார்? உள்ள மாட்டிக்கினவன் கூப்பிட்டா கெடைக்கணும்ல” என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. நான் அவருடைய குழுத் தலைவன். புதிதாக, அதுவும் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த ஒருவர், எனக்கு இத்தனை வருடம் தோன்றாததை இரண்டாம் நாளே செய்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பெயரைச் சொல்லாமல்தான் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதப்போகிறேன். அந்தப் பெயரை ஒரு முறை நான் கெடுத்தாகிவிட்டது, போதும்.

எங்கள் வேலை இதுதான். கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கு இணையத்தில் செய்முறைப் பக்கங்கள் தயாரித்துக் கொடுப்போம். பக்கத்தின் நடுவே ஒரு சாம்பல் நிறக் கட்டம் இருக்கும். அதற்குள் சில வரி நிரல், கருவி என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்வது. ‘இதை அப்படியே நகலெடுத்து உங்கள் கருவியில் ஒட்டுங்கள்’ என்று மேலே போட்டிருப்போம். சுலபமான வேலை போலத்தான் தெரியும். ஆனால் வலைப்பக்கத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நிரலில் வரும் கோண அடைப்புக்குறியைக் கண்டால், அதைத் தனக்கு இட்ட கட்டளை என்று நினைத்துக்கொள்ளும். திறக்கும் குறியிலிருந்து மூடும் குறி வரைக்கும் உள்ளதை விழுங்கிவிடும். கட்டளை புரியாவிட்டாலும் விழுங்கும், புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாது. படிக்கிறவர் கண்ணுக்கு அப்படி ஒரு வரி இருந்ததே தெரியாது. அந்தக் குறி திரையில் தெரிய வேண்டுமென்றால், அதை எழுதாமல் அதற்கென்று உள்ள வேறொரு குறியீட்டை எழுத வேண்டும். எங்கள் குழுவில் அந்தக் குறிக்கு மூக்கு என்று பெயர் வைத்திருந்தோம், அதை மாற்றி எழுதுவதுதான் மூக்கை மூடுவது. பக்கத்தை ஏற்றுவதற்கு முன்னால் ‘மூக்க மூடிட்டியா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அத்தோடு எங்கள் சோதனை முடிந்தது.

அவருக்கு அது போதாது. பக்கம் தயாரானதும் தன் கணினியில் பார்க்க மாட்டார். வேறொருவர் மேசைக்குப் போய், ‘கொஞ்சம் எந்திரிங்க’ என்று அவரை எழுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்து திறப்பார். கட்டத்துக்குள் இருப்பதை நகலெடுத்து ஒரு வெற்றுக் கோப்பில் ஒட்டி ஓட்டுவார். பிறகு அதையே கைபேசியில் செய்வார். மேற்கோள் குறிகள் வளைந்துபோய் நிரல் ஓடாமல் முறுக்கிக்கொண்டதையும், நகலெடுக்கும்போது வரி எண்களும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்ததையும் இப்படித்தான் கண்டுபிடித்தார். அழகுக்காக அந்த எண்களைப் போட்டவன் நான்.

“நம்ம ஸ்க்ரீன்ல எல்லாம் நல்லாதான் சார் தெரியும். அந்த ஆளு ஸ்க்ரீன்ல என்னா தெரியுதுன்னு பாக்கணும்.”

அந்த ஆள் யார் என்றால், நாங்கள் போடும் நிரலை எங்கேயோ உட்கார்ந்து நகலெடுப்பவன். அவனை அவர் மனதில் முழுசாக உண்டாக்கி வைத்திருந்தார். காலையில் சாப்பிடாமல் வந்தவன். போன் அடித்துக்கொண்டே இருக்கும். முதலாளி முதுகுக்குப் பின்னால் நிற்பான். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஒரு நாதி கிடையாது. நாங்கள் விடுவோமா? தினமும் கிண்டல்தான். “என்னாம்மா, உங்க ஆளு இன்னிக்கி சாப்ட்டாரா?” என்று நான் கேட்பேன். “எங்க சார், நீங்க போட்ட பக்கத்தப் பாத்துட்டுத் தலைய பிச்சிக்கினு இருக்கறாரு” என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். குழு முழுக்கச் சிரிக்கும். எனக்கும் அவரைப் பிடிக்கத்தான் செய்தது, அதை நான் ஒரு நாளும் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அத்திபெலேயில் அவரும் தங்கையும் அம்மாவுமாக வீடு மாறியபோது எங்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டார். வழியைக் கைபேசியில் எழுதி அனுப்பினார். அனுப்புவதற்கு முந்தின நாள், பேருந்து நிறுத்தத்தில் புது ஆள் மாதிரி இறங்கி, தான் எழுதியதை மட்டும் படித்துக்கொண்டு, தெரிந்த தெருவில் தெரியாதவராக நடந்து பார்த்திருக்கிறார். மாவு மில்லுக்கு எதிரே திரும்பவும் என்று முதலில் எழுதியிருந்தாராம். மில் மூடியிருக்கும் நாளில் ஷட்டரில் பெயர் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்து, நீலத் தண்ணீர் டேங்க் என்று மாற்றினாராம். இதைத் தங்கை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவன் நான். என் வீட்டுக்கு இன்றுவரை ஒருவனுக்கும் ஒழுங்காக வழி சொன்னதில்லை.

வேலையிலும் அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வலைப்பக்கத்தின் மூலத்தில், படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். சோதித்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘நகலெடுத்து ஓட்டிப் பார்த்தது’ என்று எழுதித் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவார். பிறகு அந்தப் பக்கத்தை யார் தொட்டாலும், ஒரு புள்ளியை மாற்றினாலும், முதல் வேலையாக அந்தக் குறிப்பை அழித்துவிட வேண்டும். குறிப்பு இல்லாத பக்கத்தைக் கண்டால் அவர் மறுபடி ஓட்டிப் பார்ப்பார். கைபட்ட பக்கத்தில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தேதி போடும் பழக்கம் மட்டும் இல்லை. தொட்டால் அழித்துவிடப் போகிறார்கள், தேதி எதற்கு என்பது அவர் கணக்கு. நாங்கள் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில்தான் பக்கங்களை ஏற்றினோம். புதியது ஏறினால் பழையது போய்விடும். யார் ஏற்றினார் என்பதற்கு எங்கேயும் தடயம் கிடையாது. அந்தக் குறிப்பு ஒன்றுதான் எங்களிடம் இருந்த சாட்சி.

அந்த வருட மதிப்பீட்டில் அவரைப் பற்றி நான் எழுதியது: நுணுக்கம் அதிகம், வேகம் போதாது. ஒப்பந்தத்தில் இருப்பவரை நிரந்தரமாக்க அந்த இரண்டாவது சொல் தடையாக இருக்கும் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

வாடிக்கையாளர்களில் ஒரு கம்பெனி சுவரில் மாட்டும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி இருக்கிறதே, அந்த அறைக்கு வெளியே மாட்டுவது. உள்ளே காற்றில் பிராணவாயு குறைந்தால் சைரன் அலறும். அலறினால் யாரும் இறங்கக் கூடாது. பெட்டியை மாட்டுகிறவர் எங்கள் பக்கத்திலிருந்து பதினொரு வரிகளை நகலெடுத்து அதில் ஏற்ற வேண்டும். பத்து வரிகள் சாதாரணமானவை. ஒரு வரி முழுவதும் மூக்குகளுக்குள் இருந்தது. சைரனை அலறச் சொல்வது அந்த வரிதான்.

அவர் அந்தப் பெட்டியையே வரவழைத்து மேசையில் வைத்து, பக்கத்திலிருந்து நகலெடுத்து ஏற்றி, சோதனைப் பொத்தானை அழுத்தினார். தளம் முழுக்க ஆட்கள் துள்ளி எழுந்தார்கள். மேலாளர் அறையிலிருந்து ஓடி வந்து என்னைத்தான் முறைத்தார். நான் பெட்டி இருந்த மேசைக்குப் போய், இது அலுவலகமா தீயணைப்பு நிலையமா என்று கத்தினேன்.

“அலறுச்சில்ல சார், அது போதும்” என்று சொல்லிவிட்டுக் குறிப்பை எழுதி வைத்தார்.

அடுத்த வாரம் அவர் அம்மாவின் கண் அறுவைக்காக விடுப்பில் இருந்தார். பெட்டிக் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பெட்டியின் மாதிரிப் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது, முதல் வரியைத் திருத்தினால் போதும், வசதிக்காகப் பதினொரு வரிகளையும் கீழே கொடுத்திருக்கிறோம் என்று. ஓர் எழுத்தை மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கும் எனக்குச் சோம்பல். பழைய பதினொன்றையும் அழித்துவிட்டு மின்னஞ்சலில் இருந்ததை அப்படியே கொண்டுவந்து ஒட்டினேன். மூக்கை மூடவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சாம்பல் நிறக் கட்டம் லட்சணமாக இருந்தது. வரிகளை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பத்துதான் இருந்திருக்கும்.

மூலத்தின் அடியில் அவருடைய குறிப்பு இருந்தது. அழித்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அழித்தால் அவர் வந்ததும் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார், சைரன் அலறும், மேலாளர் முறைப்பார். ஓர் எழுத்துக்கு இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று தெரிந்தே விட்டுவிட்டேன். பக்கத்தை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஒரு வரி குறைந்ததற்காகப் பெட்டி முரண்டு பிடிக்கவில்லை. பத்து வரிகளையும் வாங்கிக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டியது. ஓசூர் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் அதை மாட்டினார்கள். சில வாரங்களுக்குப் பிறகு அங்கே பம்பு அடைத்துக்கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், பச்சை விளக்கு எரிவதையும் சைரன் கேட்காததையும் நம்பித் தொட்டிக்குள் இறங்கினார். ஏறி வரவில்லை. ராய்ச்சூர்ப் பக்கத்து ஆள், இரண்டு பெண் குழந்தைகள் என்று செய்தித்தாளில் இருந்தது.

பெட்டியில் ஒரு வரி இல்லை என்பது தெரிந்த அன்றே எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மேலாளர் பெரிய திரையில் பக்கத்தைக் காட்டினார், பத்து வரி. மூலத்தைக் காட்டினார், மூடாத மூக்குகளோடு பதினொரு வரி. அப்படியே கீழே இறக்கினார். நகலெடுத்து ஓட்டிப் பார்த்தது. அவருடைய முதலெழுத்துகள்.

“உங்க டெஸ்டுக்கு அப்பறம் யாராவது தொட்டாங்களா?” என்று மேலாளர் கேட்டார்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “தொட்டிருந்தா அத அழிச்சிருப்பாங்க சார்” என்றார். “அழிக்கலியே.”

மேலாளர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முறை வந்தபோது நான் என் கைபேசியை எடுத்து அணைப்பது போலப் பாவனை செய்தேன். போலீஸ் வரும், பெயர் கேட்பார்கள், என் பெண் பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று ஏதேதோ ஓடியது. பெண்ணைச் சாக்குச் சொல்வானேன். பயம், அவ்வளவுதான்.

மதியம் படிக்கட்டுப் பக்கம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

“சார், மொதல் வரியில பெட்டி பேரு வேற மாதிரி இருக்குது. நான் ஓட்டறப்ப பழைய பேருதான் இருந்த ஞாபகம். நீங்க யாராச்சும் மாத்தினீங்களா?”

எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு வாசல் இரண்டாம் முறை திறக்காது. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

“இல்லியேம்மா. நீங்கதான் மாத்தினீங்க. லீவுக்கு மொத நாளு. எங்கிட்ட சொன்னீங்களே, மறந்துட்டீங்களா?” என்றேன்.

சொன்னீங்களே என்பதை யாரும் என்னைச் சேர்க்கச் சொல்லவில்லை. பொய் ஆரம்பித்ததும் தானாகவே கை கால் முளைத்து வந்தது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. தன் தலைக்குள் எதையோ தேடுகிற பார்வை.

“சொன்னேனா? அம்மா ஆபரேசன் டென்சன்ல... ஆனா சைரன் அலறுச்சே சார். காதுல கேட்டுதே.”

“அது அதுக்கு முன்னாடிம்மா.”

“அப்ப மாத்தினப்பறம் ஓட்டிப் பாக்காமயே விட்டுட்டேனா?”

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். “நகலெடுக்கறவனையேதான் சார் நெனச்சிக்கினு இருந்தேன். அவனுக்கும் கீழ ஒருத்தன் எறங்குவான்னு நெனைக்கவே இல்ல” என்றார்.

அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். சோதித்தவரின் கவனக்குறைவு என்று எழுதிய அறிக்கையில் குழுத் தலைவன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். போலீஸ் அவரை இரண்டு மூன்று முறை கூப்பிட்டு அனுப்பியதாகக் கேள்வி. எங்கேயும் அவர் வாதாடவில்லை, நான்தான் என்றே சொல்லியிருக்கிறார். பெயரை மாற்றச் சொன்ன மின்னஞ்சலைப் பெட்டிக் கம்பெனியிலும் யாரும் எடுத்துக் காட்டவில்லை. பிறகு வழக்கு பெட்டிக் கம்பெனி, குடியிருப்புச் சங்கம் என்று வேறு பக்கம் போய்விட்டது. அவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து எங்கள் அலுவலகத்தையும் மூடினார்கள். சர்வர்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு அத்திபெலே போகும் தைரியம் வந்தது. பயப்பட ஒன்றும் மிச்சமில்லாதபோது வருவதற்குப் பெயர் தைரியமா என்ன? நீலத் தண்ணீர் டேங்க் எதிரே திரும்பி அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். அக்கா வேலைக்கு எங்கேயும் போவதில்லை என்று வாசலிலேயே தணிந்த குரலில் சொன்னாள். “கேஸ் அடுப்ப அணைச்சா நம்பிக்கையே வராது சார் அவளுக்கு. அணைச்சிட்டு போட்டோ எடுத்து வெச்சிக்குவா. அப்பறம் அந்த போட்டோ இன்னிக்கி எடுத்ததா நேத்து எடுத்ததான்னு சந்தேகம் வந்துடும். மறுபடி போய் எடுப்பா. போன் பூரா கேஸ் அடுப்புதான்.”

அவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என் பெண் என்ன படிக்கிறாள், ஆஸ்டின் டவுன் வீடு எப்படி இருக்கிறது என்றெல்லாம் மரியாதையாக விசாரித்தார். நேராகச் சொல்லிவிட்டேன். மின்னஞ்சல் வந்ததை, மூக்கை மூடாமல் ஒட்டியதை, குறிப்பைத் தெரிந்தே விட்டதை, படிக்கட்டில் சொன்னது பச்சைப் பொய் என்பதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். “நீங்க ஓட்டிப் பாத்தீங்கம்மா. சைரன் அலறுச்சி. நீங்க செஞ்சது எல்லாமே சரி” என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “அந்த மெயில் இருக்குதா சார்?” என்று கேட்டார்.

“இல்லம்மா. எல்லாத்தையும் கழட்டிக்கினு போயிட்டாங்க.”

“வேற யாருக்காச்சும் தெரியுமா?”

“தெரியாது. எனக்கு மட்டும்தான்.”

தலையை ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்காக வரவழைத்துக்கொண்ட சிரிப்பு.

“தங்கச்சி போன் பண்ணி வரச் சொன்னாளா சார்?”

“இல்லம்மா, சத்தியமா நான்தான். எம்பொண்ணு மேல ஆணையா சொல்றேன்.”

“பொண்ணு மேல எல்லாம் ஆணை வெக்காதீங்க சார்” என்று பதறிப்போய்த் தடுத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “நீங்க இவ்ளோ தூரம் வந்ததே போதும். அன்னிக்கும் நீங்க ஒருத்தர்தான் என்னைய ஒரு வார்த்த திட்டல. எனக்குத் தெரியாதா? எம் பாவத்த நீங்க எதுக்கு சார் தூக்கிக்கறீங்க?”

நான் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.